லிசனிங் சாக்கெட்டை மூடக் கற்ற நாற்பது ஆண்டுகள்

சர்வர் நிரலாக்கம் பற்றிய எந்தப் பாடநூலிலும் லிசனிங் சாக்கெட்டைத் திறப்பதற்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் என்ற நான்கு அழைப்புகளும் வரிசைக்கிரமமாக விளக்கப்பட்டிருக்கும். அதை மூடுவதற்கு மட்டும் ஒரே ஒரு வரிதான்: குளோஸ். திறப்பதுதான் கடினம், மூடுவது தானாக நடந்துவிடும் என்ற எண்ணம் அந்த ஒரு வரியில் பதுங்கியிருக்கிறது. இணையத்தின் வரலாறு இந்த எண்ணத்தைத் திரும்பத் திரும்பப் பொய்யாக்கியிருக்கிறது. 1983இல் தொடங்கி இன்றுவரை யூனிக்ஸ் உலகில் வந்துபோன தீர்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. மூடும் வரியைச் சீர்செய்ய முயன்ற தீர்வுகள் பாதிதான் வென்றன. சாக்கெட் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எழுப்பிய தீர்வுகளே முழுமையாக வென்றன. ஒரு லிசனிங் சாக்கெட்டைச் சுத்தமாக மூடுவது என்பது, அதன் பெயரால் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட வாக்குகளை யார் நிறைவேற்றப்போகிறார் என்று தீர்மானிப்பதுதான். இதை ஏற்க இந்தத் தொழிலுக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்பதைக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் விதிமுறையைப் பார்க்கவேண்டும். வின்டன் செர்ஃப், யோகன் தலால், கார்ல் சன்ஷைன் மூவரும் 1974 டிசம்பரில் எழுதிய ஆர்.எஃப்.சி. 675இல் தொடங்கிய டி.சி.பி., 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 793இல் நிலைபெற்றது. அந்த ஆவணம் இணைப்பை முடிப்பதில் அபாரமான அக்கறை காட்டுகிறது. இணைப்பு இருக்கக்கூடிய நிலைகள் மொத்தம் 11. அவற்றில் ஆறு, நடந்துகொண்டிருக்கும் இணைப்பை முடித்துவைப்பதற்காகவே இருப்பவை. இரண்டு பக்கமும் தனித்தனியாக ‘என் பேச்சு முடிந்தது’ என்று அறிவிக்கவேண்டும், எதிர்ப்பக்கம் அதை ஒப்புக்கொள்ளவேண்டும், முதலில் விடைபெற்றவர் வழிதவறிய பாக்கெட்டுகள் வந்தால் சமாளிக்கச் சிறிது நேரம் காத்திருக்கவேண்டும். ஆனால் லிசன் நிலையில் இருப்பதை மூடினால் என்ன செய்வது என்பதற்கு அந்த ஆவணம் சொல்வது மிகக் கொஞ்சம்: அந்த இணைப்புக்கான பதிவை அழித்துவிட்டு, மூடிய நிலைக்குப் போய்விடு. யாருக்கும் எதையும் சொல்லத் தேவையில்லை. அந்த ஆவணத்தின் பார்வையில் இது சரியே. அங்கே லிசன் என்பது ஒரே ஓர் இணைப்பு எதிராளிக்காகக் காத்திருக்கும் நிலை. அழைப்பு வந்தால் அதே இணைப்புதான் அடுத்த நிலைக்கு நகரும். அதன் பின்னால் வரிசையில் நிற்பவர் யாரும் கிடையாது. ஆகவே மூடும்போது ஏமாறுவாரும் கிடையாது.

வரிசை வந்தது பெர்க்லியில். 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் டி.சி.பி.க்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 4.2பி.எஸ்.டி. யூனிக்ஸ் வெளியானது. பில் ஜாய், சாம் லெஃப்லர் ஆகியோர் முக்கியப் பங்காற்றிய அந்தப் பதிப்புதான் சாக்கெட் என்ற இடைமுகத்தை உலகுக்குப் பரப்பியது. அவர்கள் லிசன் நிலைக்கு ஒரு புதுப் பொருள் கொடுத்தார்கள். பெர்க்லி முறையில் லிசனிங் சாக்கெட் தன் இடத்திலேயே இருக்கும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புதுச் சாக்கெட் அதிலிருந்து பிறக்கும். நிரல் அக்செப்ட் சொல்லும்வரை அந்தப் புதுச் சாக்கெட் கெர்னலுக்குள் ஒரு வரிசையில் காத்திருக்கும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் சர்வர் நிரலுக்கு எப்போது முறை வரும் என்று சொல்லமுடியாது. அதுவரை அழைப்பவரைத் தொங்கலில் விடாமல், மும்முனைக் கைகுலுக்கலைக் கெர்னலே முடித்துவைத்தது. நல்ல யோசனை, தேவையான யோசனையும்கூட. ஆனால் அந்தக் கணத்திலிருந்து, நிரலுக்குத் தெரியாமலே நிரலின் சார்பில் ‘சரி, வாருங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் கெர்னலின் கைக்குப் போனது.

இதன் விளைவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு கிளையன்ட், இணைப்பு கேட்கும் சின் பாக்கெட்டை அனுப்புகிறது. சர்வர் கணினியின் கெர்னல் பதில் அனுப்பி, முடியாத இணைப்புகளின் வரிசையில் ஒரு பதிவைப் போடுகிறது. கிளையன்ட் அதை ஒப்புக்கொண்டதும் அந்தப் பதிவு முடிந்த இணைப்புகளின் வரிசைக்கு நகர்கிறது. இந்த இடத்தில் கிளையன்டைப் பொறுத்தவரை இணைப்பு உறுதியாகிவிட்டது. அது தன் கோரிக்கையை அனுப்பத் தொடங்குகிறது. கெர்னல் அந்த பைட்டுகளை வாங்கித் தன் பஃபரில் வைத்துக்கொண்டு, ‘கிடைத்தது’ என்று ஒப்புகையும் அனுப்புகிறது. சர்வர் நிரல் இன்னும் அக்செப்ட் சொல்லவில்லை. இப்படி ஒருவர் வந்திருப்பதே அதற்குத் தெரியாது. சரியாக இந்த நேரத்தில் நிரல் லிசனிங் சாக்கெட்டை மூடினால் என்ன ஆகும்? பெர்க்லி கெர்னலின் மூலநிரலில், சாக்கெட்டை மூடும் பகுதியின் தொடக்கத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. மூடப்படுவது லிசனிங் சாக்கெட்டாக இருந்தால் இரண்டு சிறிய சுற்றுகள் ஓடும். முதல் சுற்று முடியாத இணைப்புகளின் வரிசை காலியாகும்வரை ஒவ்வொன்றையும் முறிக்கும். இரண்டாவது சுற்று முடிந்த இணைப்புகளின் வரிசைக்கு அதையே செய்யும். முறிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ரீசெட் போகும். இலை போட்டு உட்காரவைத்தவரைச் சோறு பரிமாறும் முன்பே எழுப்பிவிடும் செயல் இது.

இந்த அநியாயம் அன்று யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. 4.2பி.எஸ்.டி.யில் அந்த வரிசைக்கு வைத்த உச்சவரம்பே ஐந்துதான். அன்றைய சேவைகள் பெரும்பாலும் டெல்நெட், கோப்புப் பரிமாற்றம், மின்னஞ்சல். கணினியை நிறுத்தும்போதுதான் சர்வர் நிரலையும் நிறுத்துவார்கள். அந்த நாளின் நிரலாளரை உறுத்தியது வேறொன்று. சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி தொடங்கினால், ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழை வரும். பழைய நிரல் முடித்த இணைப்புகள், விடைபெற்றவர் காத்திருக்கும் டைம் வெயிட் நிலையில் அதே போர்ட்டில் நிற்பதுதான் காரணம். ஆர்.எஃப்.சி. 793இன் கணக்குப்படி அந்தக் காத்திருப்பு நான்கு நிமிடம். லினக்ஸில் 60 விநாடி. பெர்க்லி சாக்கெட்டிலேயே இருந்த ரீயூஸ்அட்ரஸ் என்ற விருப்பத்தை வைத்தால் இந்தத் தடை விலகும். எல்லா டி.சி.பி. சர்வர்களும் இதை வைக்கவேண்டும் என்று டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் தம் நூலில் வற்புறுத்தினார். ஒரு தலைமுறையே அதைப் பின்பற்றியது. அறிவுரையில் தவறில்லை. ஆனால் அது தீர்த்தது மறுபடி திறப்பதன் சிக்கலை. நெடுங்காலம் இந்தத் தொழிலில் ‘சுத்தமாக மூடுதல்’ என்றால், அடுத்த முறை பிழையில்லாமல் திறக்கமுடிவது என்றே பொருள்கொள்ளப்பட்டது. வரிசையில் நின்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

இதற்கிடையே சரியான விதை ஒன்று வேறு காரணத்துக்காக ஊன்றப்பட்டிருந்தது. 1986இல் வெளியான 4.3பி.எஸ்.டி.யில் ஐநெட்டி என்ற நிரல் வந்தது. எப்போதாவது மட்டுமே தேவைப்படும் சேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு புராசஸ் நினைவகத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஐநெட்டி எல்லாப் போர்ட்டுகளிலும் தானே காது கொடுக்கும். அழைப்பு வந்தால் உரிய நிரலைத் தொடங்கி அதனிடம் சாக்கெட்டைக் கொடுக்கும். சேவை செய்யும் நிரல் பிறந்து மடியலாம். லிசனிங் சாக்கெட் ஐநெட்டியிடம் பத்திரமாக இருக்கும். கேட்கும் பொறுப்பும் சேவை செய்யும் பொறுப்பும் இங்கே முதன்முறையாகப் பிரிந்தன. நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த பிரிவுதான் பின்னாளில் மூடும் சிக்கலுக்கு மருந்தாகப்போகிறது என்பது அப்போது தெரியவில்லை. அழைப்புக்கு ஒரு புராசஸ் என்ற ஐநெட்டியின் வேகம் வெப்புக்குப் போதவில்லை. ஆகவே வெப் சர்வர்கள் தங்கள் சாக்கெட்டைத் தாங்களே திறந்துகொண்டன, ஐநெட்டியின் பாடத்தையும் கைவிட்டன.

வெப் சர்வர்கள் அந்தப் பாடத்தை மறுபடி தாங்களாகவே கற்க நேர்ந்தது. 1997இல் வெளியான அப்பாச்சி 1.2இல் இதமான மறுதொடக்கம் வந்தது. தாய்ப் புராசஸ் லிசனிங் சாக்கெட்டை விடாமல் பிடித்திருக்கும். சேய்ப் புராசஸ்கள் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு விலகும். புது அமைப்புகளோடு வேறு சேய்கள் வரும். கவனிக்கவேண்டியது, இதமாக நிறுத்தும் வசதி அப்பாச்சியில் 2005இல் வந்த 2.2 பதிப்பில்தான் சேர்ந்தது. இதமான மறுதொடக்கத்துக்கும் இதமான நிறுத்தத்துக்கும் இடையில் எட்டு ஆண்டுகள். 2004இல் ஈகோர் சிசோயெவ் பொதுவெளிக்குக் கொண்டுவந்த என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இன்னும் ஒரு படி போனது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே புதுப் பதிப்பாக மாற்றும்போது, பழைய தாய்ப் புராசஸ் லிசனிங் சாக்கெட்டுகளின் எண்களைச் சூழல் மாறி ஒன்றில் எழுதிவைத்துப் புதிய நிரலைத் தொடங்கும். புதியது அதே சாக்கெட்டுகளைச் சுவீகரித்துக்கொள்ளும். பழையது பிறகு நிதானமாக விலகும். இதில் அந்தச் சாக்கெட் எப்போதுமே மூடப்படுவதில்லை என்பதால், வரிசையில் நிற்பவர் யாருக்கும் ரீசெட் போவதில்லை.

இதே காலத்தில் இன்னொரு தரப்பு மூடும் வரியோடு நேரடியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஜாவாவும் த்ரெட்களும் பரவியபோது, ஒரு த்ரெட் அக்செப்டில் உறங்கிக்கொண்டிருக்க இன்னொரு த்ரெட் சாக்கெட்டை மூடும் நிலைமை அன்றாடமானது. லினக்ஸில் அப்படி மூடினால் உறங்குபவர் விழிப்பதில்லை. அவருடைய அழைப்பு கெர்னலுக்குள் அந்தச் சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் போர்ட்டும் தொடர்ந்து கேட்டபடியே இருக்கும். ஷட்டவுன் அழைப்பு லினக்ஸில் அவரை எழுப்பிவிடும்; பி.எஸ்.டி. வழிவந்த அமைப்புகளில் அதே அழைப்பு ‘இணைப்பில்லை’ என்று பிழை சொல்லும். ஓபன் ஜே.டி.கே.யின் லினக்ஸ் பதிப்பு எந்தெந்த த்ரெட் எந்தெந்தச் சாக்கெட்டில் முடங்கியிருக்கிறது என்று ஒரு பட்டியலே வைத்துக்கொண்டு, மூடும்போது அவற்றுக்குச் சிக்னல் அனுப்பி எழுப்பியது. டி. ஜே. பெர்ன்ஸ்டீன் பரப்பிய உத்தியில், நிரல் தனக்குத்தானே ஒரு பைப்பைத் திறந்துவைத்து, நிறுத்தவேண்டியபோது அதில் ஒரு பைட்டை எழுதும். சாக்கெட்டையும் பைப்பையும் சேர்த்துக் கவனிக்கும் சுற்று அதைப் படித்து வெளியேறும். இவை எல்லாம் தேவையான கைத்திறன்கள். ஆனால் இவை எழுப்பியது உறங்கும் த்ரெட்டை மட்டுமே. வரிசையில் நிற்பவரின் கதி மாறவில்லை. 2017 பிப்ரவரியில் வந்த கோ மொழியின் 1.8 பதிப்பிலுள்ள ஷட்டவுன் செயல்கூறு இதற்கு நல்ல சான்று. அது முதலில் லிசனரை மூடுகிறது, பிறகு சும்மா இருக்கும் இணைப்புகளை மூடுகிறது, வேலையிலிருக்கும் இணைப்புகள் முடியும்வரை காத்திருக்கிறது. அக்செப்ட் ஆனவர்களுக்கு இது முழு மரியாதை. அக்செப்ட் ஆகாமல் வரிசையில் நின்றவர்களுக்கு அதே பழைய ரீசெட்.

என் வாதத்துக்கு வலுவான சான்று லினக்ஸின் ரீயூஸ்போர்ட் வரலாறுதான். 2013இல் லினக்ஸ் 3.9 இந்த வசதியைக் கொண்டுவந்தது. ஒரே போர்ட்டில் பல புராசஸ்கள் தனித்தனி லிசனிங் சாக்கெட் வைத்துக்கொள்ளலாம். வரும் இணைப்புகளைக் கெர்னல் பங்கிட்டுக் கொடுக்கும். பழைய நிரல் மூடும் முன்பே புதிய நிரல் திறந்துவிடலாம் என்பதால், இனி இடைவெளியே இருக்காது என்று தோன்றியது. ஆனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வரிசை. பழையதை மூடினால் அதன் வரிசையில் நின்றவர்கள் முறிக்கப்படுவார்கள்; பக்கத்துச் சாக்கெட் காலியாக இருந்தும் பயனில்லை. ஹெச்.ஏ.பிராக்ஸி என்ற லோடு பேலன்சரைப் பயன்படுத்தியவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். மறுதொடக்கம் நடக்கும் சில கணங்களுக்கு ஃபயர்வாலில் சின் பாக்கெட்டுகளைத் தள்ளிவிட்டு, கிளையன்டே மறுபடி அனுப்பட்டும் என்று சிலர் விட்டார்கள். அதற்குக் குறைந்தது ஒரு விநாடி வீணாகும். 2015இல் யெல்ப் நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்தப் பாக்கெட்டுகளைத் தள்ளிவிடாமல் கெர்னலின் பாக்கெட் வரிசையிலேயே நிறுத்திவைத்துப் பிறகு விடுவிக்கும் வழியை வெளியிட்டார்கள். 2017 நவம்பரில் ஹெச்.ஏ.பிராக்ஸி 1.8 சுற்றுவழியை விட்டுவிட்டு நேர்வழிக்கு வந்தது. பழைய புராசஸ் தன் லிசனிங் சாக்கெட்டுகளையே யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் புதிய புராசஸிடம் ஒப்படைத்தது. மூடும்போது வரிசையில் நிற்பவர்களைப் பக்கத்துச் சாக்கெட்டுக்கு மாற்றும் அமைப்பு கெர்னலுக்கே வந்தது 2021இல், லினக்ஸ் 5.14இல். அதுவும் தானாக இயங்காது, கேட்டால்தான் கிடைக்கும். இடைவெளியை நிரப்ப நடந்த எட்டு ஆண்டு முயற்சியில் கிடைத்த இரண்டு விடைகளும் ஒன்றே: உரிமையை மாற்று.

இத்தனை பாடு எதற்கு, கிளையன்ட் மறுபடி முயன்றால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படிக்க மட்டும் செய்யும் கோரிக்கைகளுக்கு இது நியாயமான கேள்வி. ஆனால் பணம் செலுத்தும் கோரிக்கை ஒன்றை அனுப்பிய கிளையன்டை நினைத்துப் பாருங்கள். அதன் பைட்டுகளுக்குச் சர்வர் கணினி ஒப்புகை கொடுத்திருக்கிறது. அடுத்த கணம் ரீசெட் வருகிறது. அந்தக் கோரிக்கையை நிரல் படிக்கவே இல்லை என்பது சர்வர் பக்கத்து உண்மை. பாதி செய்துவிட்டு நிரல் செத்திருந்தாலும் கிளையன்டுக்கு இதே ரீசெட் வரலாம். அப்படி வந்தால் இரண்டையும் பிரித்தறிய டி.சி.பி.யில் வழியில்லை. இதனால்தான், மறுபடி செய்தாலும் விளைவு மாறாத கோரிக்கைகளைத் தவிர மற்றவற்றைத் தானாக மறுபடி அனுப்பக்கூடாது என்று ஹெச்.டி.டி.பி. விதிமுறை கட்டுப்படுத்துகிறது. 2015இல் வந்த ஹெச்.டி.டி.பி./2 இந்தக் குறையை உணர்ந்து, கோஅவே என்ற அறிவிப்பைச் சேர்த்தது. விடைபெறும் சர்வர் தான் கையிலெடுத்த கடைசிக் கோரிக்கையின் எண்ணைச் சொல்லும். அதற்குப் பின் வந்தவற்றைத் தயங்காமல் வேறிடத்தில் கேட்கலாம். ‘மறுபடி முயலட்டும்’ என்ற பதில் பாதுகாப்பானதாக வேண்டுமென்றால், எதை நான் தொடவில்லை என்று சர்வர் சொல்லியாகவேண்டும். லிசனிங் சாக்கெட்டை மூடும்போது அப்படிச் சொல்ல டி.சி.பி.யில் இடமே இல்லை.

முன்னால் லோடு பேலன்சர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்பது இரண்டாவது மறுப்பு. முன்கூட்டியே அந்தச் சர்வரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் வரிசை தானாக வற்றிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நீக்கம் எல்லா இடத்துக்கும் பரவ நேரம் பிடிக்கும். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ‘பாட்’ எனப்படும் ஓர் அலகை நிறுத்தும்போது, நிறுத்தச் சொல்லும் சிக்னலும் பட்டியலிலிருந்து நீக்கும் வேலையும் அருகருகே, ஒன்றையொன்று எதிர்பார்க்காமல் நடக்கின்றன. சிக்னல் வந்தவுடன் லிசனரை மூடும் ஒழுங்கான நிரல், இன்னும் பட்டியலில் தன்னைப் பார்த்து வருகிறவர்களைத் திருப்பியனுப்புகிறது. ஆகவே நிறுத்தும் முன் சில விநாடி சும்மா உறங்கும் ஒரு கட்டளையை ஊர் முழுக்க எழுதிக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் வந்த 1.29 பதிப்பு அந்த உறக்கத்தையே ஒரு தனி வசதியாக, சோதனை அளவில், சேர்த்தது. பேலன்சர் சிக்கலைத் தீர்க்கவில்லை, ஒரு படி மேலே தள்ளியது. பேலன்சரும் ஒரு சர்வர்தானே. அதையும் ஒருநாள் புதுப்பித்தாகவேண்டும். ஹெச்.ஏ.பிராக்ஸியின் கதையே ஒரு பேலன்சரின் கதை.

மூன்றாவது மறுப்பே ஆழமானது. 2003இல் ஜார்ஜ் கேண்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும், மென்பொருளுக்கு நிறுத்தம் என்று தனியாக ஒரு வழி வேண்டாம், விழுவதும் எழுவதும் மட்டும் போதும் என்று வாதிட்டார்கள். எப்படியும் ஒருநாள் மின்சாரம் போகும், நிரல் திடீரென்று சாகும். அதைத் தாங்கும் நிரலுக்குத் தனி மூடுவிழா எதற்கு? மூடும் பாதையில் எழுதும் நிரல்வரிகள் அரிதாக ஓடுவதால் அவற்றில்தான் பிழைகள் மண்டுகின்றன என்பதையும் மறுக்கமுடியாது. இந்த வாதத்தின் சாரத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தோடு மோதவில்லை, அதற்குத் துணையாகவே நிற்கிறது. எப்போதும் விழக்கூடிய நிரலின் கையில் லிசனிங் சாக்கெட் இருக்கவேண்டியதில்லை. 2005இல் ஆப்பிளின் லாஞ்ச்டியும், அதைப் பார்த்து லினக்ஸுக்கு 2010இல் வந்த சிஸ்டம்டியும் செய்தது இதைத்தான். சாக்கெட்டை அவை திறந்து பிடித்துக்கொள்ளும். சேவை நிரல் விழுந்தாலும், எழும்வரை வருகிறவர்கள் கெர்னல் வரிசையில் காத்திருப்பார்கள். விழுவதைச் சாதாரணமாக்கியது, சாக்கெட்டின் உரிமையை நிரலிடமிருந்து எடுத்ததுதான். ஐநெட்டியின் பிரிவு இருபது ஆண்டு கழித்துத் தன் உண்மையான காரணத்தைக் கண்டுகொண்டது.

அப்படியானால் தவறு பெர்க்லியினுடையதா? நிரலைக் கேட்ட பிறகே ‘சரி’ சொல்லும்படி அமைத்திருக்கலாமே என்று தோன்றலாம். அந்தப் பாதையும் முயன்று பார்க்கப்பட்டது. 1986இல் ஏ.டி. அண்ட் டி.யின் சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 3இல் வந்த டி.எல்.ஐ. என்ற இடைமுகம், அழைப்பைப் பார்த்துவிட்டு ஏற்கவோ மறுக்கவோ நிரலுக்கு இடம் வைத்தது. நடைமுறையில் அதன் கீழிருந்த டி.சி.பி. பெரும்பாலும் கைகுலுக்கலை முடித்துவிட்டே நிரலிடம் தகவல் சொன்னது. நிரலின் முறை வரும்வரை காக்கவைத்தால் கிளையன்ட் மறுபடி மறுபடி சின் அனுப்பும், நெரிசல்தான் கூடும். கெர்னல் முந்திக்கொண்டு வாக்குக் கொடுப்பது வேகத்தின் விலை. வெப்பின் அளவு கூடக்கூட அந்த விலை நியாயமாகிக்கொண்டே போனது. ஐந்தில் தொடங்கிய வரிசையின் வரம்பு, லினக்ஸில் இயல்பாக 128 ஆக இருந்து, 2019இல் 5.4 பதிப்பில் 4096 ஆனது. பெர்க்லி செய்த தேர்வு சரியானதே. அந்தத் தேர்வோடு வந்த பொறுப்பை இடைமுகத்தில் எங்கும் எழுதிவைக்காததுதான் குறை.

அந்தப் பொறுப்பு டி.சி.பி.யோடு முடிவதும் இல்லை. யு.டி.பி. மேல் ஓடும் குவிக் என்ற விதிமுறையில் லிசன், அக்செப்ட் என்ற கெர்னல் வரிசையே கிடையாது. ஆனால் ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2020இல் சிக்காம் மாநாட்டில் விவரித்த முறையைப் பாருங்கள். அங்கேயும் பழைய புராசஸ் புதியதிடம் சாக்கெட்டை ஒப்படைக்கவேண்டியிருந்தது. ஒப்படைத்த பிறகு பழைய இணைப்புகளுக்கு வரும் பாக்கெட்டுகள் புதியதிடம் வந்து சேர, இணைப்பின் அடையாள எண்ணைப் பார்த்து அது அவற்றைப் பழையதிடமே திருப்பிவிடவேண்டியிருந்தது. கெர்னல் செய்த வேலை நிரலுக்கு வந்தது, பொறுப்பும் கூடவே வந்தது. ஆகவே இன்று சர்வர் எழுதுகிறவருக்கு இந்த வரலாறு தரும் நடைமுறை, வரிசைமுறை பற்றியது. முதலில் புதியவர்கள் நம்மைத் தேடி வராதபடி செய்யவேண்டும், அந்தச் செய்தி பரவ நேரமும் கொடுக்கவேண்டும். அடுத்து, சாக்கெட்டை இன்னொருவர் கையில் கொடுக்கமுடிந்தால் கொடுத்துவிடவேண்டும். முடியாவிட்டால் வரிசை வற்றும்வரை அக்செப்ட் செய்துகொண்டே இருக்கவேண்டும். ஏற்றவர்களுக்குச் சேவையை முடித்துத் தரவேண்டும். குளோஸ் என்ற வரி இவை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரவேண்டும். பாடநூல்கள் அந்த வரிக்கு முன்னால் இந்தப் பக்கங்களைச் சேர்க்காதவரை, ஒவ்வொரு புதிய மொழியும் ஒவ்வொரு புதிய சர்வரும் இதே நாற்பது ஆண்டுப் பாடத்தைத் தன் பயனர்களின் செலவில் மறுபடி படிக்கும்.